தீர்ப்பு யாருடையது? மேசை ஆட்டக்காரர்களின் ரசனைச் சண்டை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பேசியே ஆடுகிற ரோல்பிளேயிங் ஆட்டங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த ஆட்டக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் போட்டுவரும் சண்டையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். எந்த ஆட்டம் நல்ல ஆட்டம், எந்த விதி அழகான விதி, யார் ஆடுவது உண்மையான ஆட்டம் என்கிற சண்டை அது. வெளியிலிருந்து பார்த்தால் வெட்டி வம்பு. உள்ளே போய்ப் பார்த்தால், இந்தக் கலை வளர்ந்ததே அந்தச் சண்டையால்தான் என்று தெரியும்.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். மேசையில் ஒருவர் நடுவராக இருப்பார். அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். "குகைக்குள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எதிரே பதினைந்து அடி அகலத்தில் ஒரு பள்ளம். அடி தெரியவில்லை. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்கிறார். திருடி வேடம் ஏற்றிருக்கும் பெண், "ஓடிவந்து தாண்டுகிறேன்" என்கிறாள். சரி, தாண்டினாளா, விழுந்தாளா?

இங்கே மூன்று கேள்விகள் எழுகின்றன. இதை முடிவு செய்வது யார்? எதை வைத்து முடிவு செய்வது? விழுந்தால் அவள் எதை இழக்க வேண்டும்? இந்தத் துறையில் நடந்த அத்தனை சண்டையையும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம்.

முதல் கேள்வி இந்த ஆட்டங்களைவிட வயதில் மூத்தது. 1824இல் பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி ஒருவர், ரைஸ்விட்ஸ் என்பவர், தன் தந்தை தொடங்கிவைத்த போர்ப் பயிற்சி ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி விதிநூலாக வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று அதற்குப் பெயர். வரைபடம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகள், பகடை, சேதக் கணக்குக்கு அட்டவணை, இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். காலப்போக்கில் விதி பெருகியது, அட்டவணை பெருகியது, ஆட்டம் நத்தை வேகத்துக்கு வந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி ஒரு சிறு நூல் எழுதினார். பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். போரைக் கண்ட நடுவரின் அனுபவ அறிவே போதும் என்றார். அன்று முதல் அந்த ஆட்டம் இரண்டு கட்சியானது. நடுவரின் விரலே இறுதி என்றிருந்த கிரிக்கெட்டை விரும்புகிறவருக்கும், மூன்றாம் நடுவரின் திரையைப் பார்த்தால்தான் நிம்மதி என்கிறவருக்கும் உள்ள வேறுபாடுதான் இதுவும். ஒருவர் மனிதரின் தீர்ப்பை நம்புகிறார். மற்றவர் அந்தத் தீர்ப்புக்கு அஞ்சுகிறார். இரண்டுக்கும் நியாயம் உண்டு.

அந்தப் பிளவு நேரடியாகவே இந்தக் கலைக்குள் வந்து சேர்ந்தது. 1880இல் சார்ல்ஸ் டாட்டன் என்ற அமெரிக்கப் படை அதிகாரி ஸ்ட்ராடிகோஸ் என்ற போர் ஆட்ட நூலை எழுதினார். நடுவருக்குப் பெரிய அதிகாரம் கொடுத்த நூல் அது. ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு மினசோட்டாவில் பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடிக்கொண்டிருந்த டேவிட் வெஸ்லி அதைத் தேடிப் படித்தார். 1969இல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் வந்தவர்களுக்குப் படைக்குப் பதிலாக ஆளுக்கொரு வேடம் கிடைத்தது. மேயர் ஒருவர், பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர் என்று. ஆட்டம் நடுவரின் கையை மீறிப் போனது. வெஸ்லி அது தோல்வி என்று நினைத்தார். ஆடியவர்களோ, மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவர் பிளாக்மூர் என்ற கற்பனை உலகத்தை உருவாக்கினார். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா ஊரின் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்தார். 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமாக டி அண்ட் டி, வெளிவந்தது. ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள்.

அந்த மூன்று புத்தகங்களில் ஓட்டைகள் ஏராளம். நம் திருடி பள்ளத்தைத் தாண்டினாளா என்பதற்கு அதில் விடை கிடையாது. நடுவர் ஒரு பகடையை எடுத்து, மனதுக்குள் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு உருட்ட வேண்டியதுதான். கற்பனையை நீங்களே செய்துகொள்ளுங்கள், எல்லாவற்றையும் நாங்களே ஏன் சொல்ல வேண்டும் என்ற தொனியில்தான் அந்த நூலும் முடிகிறது. எதை வைத்து முடிவு செய்வது என்ற இரண்டாம் கேள்வி இங்கே எழுந்தது. ஓட்டையை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாக அடைத்தது. ரசனைக் கட்சிகள் பிறந்தது அங்கேதான்.

அடுத்த ஆண்டே, 1975இல், அரிசோனாவின் கென் செயின்ட் ஆண்ட்ரே, இந்த விதிகள் குழப்பமாக இருக்கின்றன என்று சொல்லி 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' எழுதினார். வீட்டில் கிடைக்கும் ஆறுமுகப் பகடை போதும், மந்திரங்களின் பெயரிலும் கேலி இருக்கட்டும் என்றார். 1977இல் வந்த 'ஷிவல்ரி அண்ட் சோர்சரி' நேர் எதிர்த் திசையில் போனது. இடைக்கால ஐரோப்பாவின் நிலமானிய அமைப்பு உள்ளபடியே வர வேண்டும் என்றது. 1978இல் 'ரூன்குவெஸ்ட்' வந்தது. அதன் ஆசிரியர் ஸ்டீவ் பெரினும் நண்பர்களும் இடைக்கால வாள்சண்டையைக் கவசம் அணிந்து ஆடிப் பழகியவர்கள். வெட்டு கையில் விழுந்ததா, காலில் விழுந்ததா என்று கேட்காமல் மொத்தமாக உயிர்ப்புள்ளிகளைக் குறைப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ரூன்குவெஸ்டில் நம் திருடிக்குத் தாண்டும் திறமை நூற்றுக்கு இத்தனை என்று தாளிலேயே இருக்கும். அவளே பகடையை உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நடுவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த வாதங்கள் எல்லாம் நடந்த இடம் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் 1975இல் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' போன்ற சிற்றிதழ்கள். வாசகர்கள் தங்கள் பக்கங்களைத் தாங்களே எழுதி அனுப்புவார்கள். அவற்றைத் தொகுத்து எல்லோருக்கும் அனுப்புவார் லீ கோல்ட். ஒருவர் எழுதியதற்கு அடுத்த இதழில் பத்துப் பேர் பதில் எழுதுவார்கள். ஜான் பீட்டர்சன் 2020இல் வெளியிட்ட 'தி எலூசிவ் ஷிஃப்ட்' என்ற நூல் அந்தப் பக்கங்களை ஆராய்கிறது. இன்று புதிது என்று நாம் நினைக்கும் வாதங்களில் பெரும்பாலானவற்றை 1980க்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள் என்பது அதைப் படித்தால் விளங்கும்.

இதற்கிடையே கைகாக்ஸ் எந்தப் பக்கம் நின்றார்? 1974இல் உங்கள் இஷ்டம் என்றவர், 1979இல் வெளியான 'டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு' நூலில் ஒருமைப்பாடு வேண்டும் என்கிறார். எதார்த்தத்தை அப்படியே காட்ட முயல்வது ஒரு பள்ளி, ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்பது இன்னொரு பள்ளி, நம்முடையது இரண்டாவது என்று அதே நூலில் தெளிவாக எழுதினார். போட்டிகளில் எல்லா ஊர்க்காரர்களும் ஒரே விதியில் ஆட வேண்டும் என்ற தேவை இருந்தது. பணக் காரணமும் இருந்தது. அதே 1979இல் ஆர்னசன் ராயல்டி கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 'அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வந்தது வேறு ஆட்டம் என்று காட்டுவதில் கைகாக்ஸின் நிறுவனத்துக்கு லாபம் உண்டு. ரசனைச் சண்டை என்று நாம் நினைப்பதன் அடியில் சில சமயம் கணக்குப் புத்தகமும் கிடக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். விழுந்தால் என்ன ஆகும்? 1975இல் ஒரு போட்டிக்காகக் கைகாக்ஸ் அமைத்த 'டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறைச் சாகசம் ஆளை விழுங்கும் பொறிகளுக்குப் பேர்போனது. அங்கே பள்ளத்தில் விழுந்தவள் செத்தவள்தான். அவளை ஆடியவர் புதுத் தாளை எடுத்துப் புது ஆளை உருவாக்க வேண்டும். 1984இல் டிரேசி ஹிக்மனும் மார்கரெட் வைஸும் அவர்கள் குழுவும் 'டிராகன்லான்ஸ்' வரிசையைத் தொடங்கினார்கள். அது ஒரு நீண்ட காவியம். அதற்கென்று நாயக நாயகியர் உண்டு, நாவல்களும் உண்டு. நடுவழியில் நாயகி செத்தால் காவியம் என்ன ஆவது? அதற்கும் ஒரு வழி எழுதிவைத்தார்கள். முக்கியப் பாத்திரம் சாக நேர்ந்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வரவைக்கலாம் என்று. சிலர் இதைக் கொண்டாடினார்கள். கடைசியில் ஒரு கதை கிடைத்தது என்றார்கள். சிலர் கொதித்தார்கள், தண்டவாளத்தில் ஓடுகிற வண்டியில் பயணியாக உட்காரவா நாங்கள் வந்தோம் என்றார்கள். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்தக் கொதிப்பு அடங்கவில்லை.

விதி எதற்குப் பரிசு கொடுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய பதிப்புகளில் குகையிலிருந்து கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. பூதத்தைக் கொன்று கிடைப்பது புதையலால் கிடைப்பதைவிடச் சொற்பம். ஆகவே புத்திசாலி ஆட்டக்காரர் சண்டையைத் தவிர்த்துவிட்டுப் பையை நிரப்புவார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்தப் பொற்காசுக் கணக்கை விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒதுக்கியது. பரிசு மாறியதும் ஆடும் விதமும் மாறியது. 'எனக்கு இப்படி ஆடத்தான் பிடிக்கும்' என்று நாம் சொல்லும்போது, அந்தப் பிடித்தத்தில் பாதி நம் கையில் முதலில் கிடைத்த புத்தகம் கற்றுக்கொடுத்தது.

1991இல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று மார்க் ரைன்-ஹேகனின் 'வாம்பயர்: தி மாஸ்கரேட்'. இரத்தம் குடிக்கும் பாவியாக வாழ்வதன் வேதனையை ஆடச் சொன்னது. நடுவரையே கதைசொல்லி என்று அழைத்தது. மற்றொன்று எரிக் வூய்ச்சிக்கின் 'ஆம்பர்'. அதில் பகடையே இல்லை. திறமைகளை ஆட்டத்தின் தொடக்கத்தில் ஏலம் எடுப்பார்கள். பிறகு யாருடைய திறமை பெரிது என்று ஒப்பிட்டு நடுவர் சொல்வதுதான் முடிவு. பிரஷ்யத் தளபதி வெர்டி உயிரோடு இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். வாம்பயர் எழுதிய ரைன்-ஹேகன் அதற்கு முன்பு, 1987இல், ஜானதன் ட்வீட் என்பவருடன் சேர்ந்து 'ஆர்ஸ் மாஜிகா' என்ற ஆட்டத்தை எழுதியிருந்தார். அதே ட்வீட் 1995இல் பகடைக்குப் பதில் படச்சீட்டுகளை வைத்து 'எவர்வே' செய்தார். 2000இல் டி அண்ட் டி மூன்றாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் ஆனதும் அவரேதான். எல்லாவற்றுக்கும் விதி, எல்லாவற்றுக்கும் எண் என்ற கட்சியின் வேதநூல் அது. நம் திருடி ஓடிவந்து பதினைந்து அடி தாண்ட வேண்டுமா? அந்தப் பதிப்பின் 2003 திருத்தப்படி இலக்கு எண் பதினைந்து. ஓட இடம் இல்லையென்றால் முப்பது. நடுவருக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே மனிதர் இரண்டு துருவங்களிலும் நின்று நல்ல வேலை செய்திருக்கிறார். ரசனை பிறவிக் குணம் என்று சொல்கிறவர்கள் இவருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆட்டக்காரர்களை வகைபிரிக்கும் ஆசை பழையது. 1980இலேயே கிளென் பிளேகோ ஒரு கட்டுரையில் நான்கு வகை சொன்னார். பாத்திரமாக வாழ்பவர், கதை தேடுபவர், பலம் சேர்ப்பவர், போர்த்தந்திரம் ஆடுபவர். அவர் அதை நல்ல மனத்தோடு எழுதினார். ஒரே ஆளிடம் நான்கும் கலந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். 2000ஐ ஒட்டி ரான் எட்வர்ட்ஸ் அதைக் கோட்பாடாக இறுக்கினார். வெற்றி தேடும் ஆட்டம், கதையின் அறக்கேள்வியைத் தேடும் ஆட்டம், கற்பனை உலகின் இயல்பைத் தேடும் ஆட்டம் என்று மூன்று நோக்கங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் பணிபுரியப் பார்க்கும் விதிநூல் எதற்கும் உதவாது என்பது அவர் வாதம்.

இந்தக் கோட்பாட்டால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. என் புத்தகம் எதற்காக என்று வடிவமைப்பாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். வின்சென்ட் பேக்கர் 2004இல் 'டாக்ஸ் இன் தி வின்யார்ட்' செய்தார். ஊர் ஊராகப் போய்ப் பாவத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் இளம் மதக் காவலர்களின் ஆட்டம் அது. வாய்ப்பேச்சில் தோற்கிறாயா? கைகலப்புக்குப் போகலாம், மேலும் பகடை கிடைக்கும். அதிலும் தோற்கிறாயா? துப்பாக்கியை எடுக்கலாம். எடுப்பாயா என்பதுதான் ஆட்டமே. பழைய பாணியில் இப்படி ஒன்றை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

தீமையும் விளைந்தது. வடிவமைப்புக்கு உதவிய வகைப்பெயர் ஆளைத் திட்டும் பெயரானது. 2006இல் எட்வர்ட்ஸ், தொண்ணூறுகளின் கதைசொல்லி ஆட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கதையைப் புரிந்துகொள்ளும் திறனே சேதமாகிவிட்டது, அது மூளைச் சேதம் என்ற பொருளில் எழுதினார். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வது ரசனை. உனக்குப் பிடித்திருப்பது உன் நோய் என்று சொல்வது அகம்பாவம். அவருடைய கோட்பாட்டை மதிக்கிறவன்தான் நான். அந்தப் பேச்சை மன்னிக்க மாட்டேன்.

2008இல் பெரிய போர் மூண்டது. டி அண்ட் டி நான்காம் பதிப்பு, வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே சட்டகம் கொடுத்தது. எப்போதும் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒரு முறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒரு முறை செய்யக்கூடியவை என்று. கட்டம் போட்ட வரைபடத்தில் தந்திரம் நிறைந்த சண்டை. யாரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்ற சமநிலை. கம்ப்யூட்டர் கேம் மாதிரி ஆகிவிட்டது, எல்லாப் பாத்திர வகையும் ஒன்றுபோல இருக்கிறது என்று பாதிப் பேர் பிரிந்தார்கள். மூன்றாம் பதிப்பின் விதிகள் திறந்த உரிமத்தில் இருந்ததால் பைசோ நிறுவனம் 2009இல் அதே விதிகளை மெருகேற்றிப் 'பாத்ஃபைண்டர்' என்று வெளியிட்டது. பிரிந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்து சமாதானம் பேச வேண்டியிருந்தது. ஆனால் 2013இலேயே மூன்றாம் பதிப்பின் ட்வீட்டும் நான்காம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் ராப் ஹைன்சூவும் சேர்ந்து 'தர்ட்டீன்த் ஏஜ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். தொண்டர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது தலைவர்கள் ஒரே மேசையில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதே காலத்தில் இரண்டு புதுக் கட்சிகள் வளர்ந்தன. ஒன்று, எழுபதுகளின் ஆட்டத்தை மீட்கும் பழம்பாணி இயக்கம். மாட் ஃபின்ச் 2008இல் எழுதிய சிறு கையேடு அதன் கொள்கை அறிக்கை. விதியைப் புரட்டாதே, நடுவர் அங்கேயே தீர்ப்புச் சொல்லட்டும். தாளில் உள்ள எண்ணை நம்பாதே, உன் புத்தியை நம்பு என்பது அதன் சாரம். பள்ளத்தைத் தாண்டப் பகடை கேட்கும் திருடியை இந்தக் கட்சி நடுவர், "கயிறு வைத்திருக்கிறாயா? எதில் கட்டுவாய்?" என்று கேட்பார். மற்றொன்று, வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010இல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' வழி. இரண்டு ஆறுமுகப் பகடை. பத்தும் அதற்கு மேலும் வந்தால் தாண்டினாள். ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் தாண்டினாள், ஆனால் ஒரு விலை உண்டு. விளக்கு பள்ளத்தில் விழுந்ததென்று வையுங்கள். ஆறும் அதற்குக் கீழும் வந்தால் நடுவர் கதையை ஒரு மோசமான திருப்பத்துக்குக் கொண்டுபோவார். நடுவரே எந்தக் கொள்கைப்படி நடக்க வேண்டும் என்பதும் அந்த விதிநூலில் உண்டு. ஒரு கட்சி நடுவருக்கு அதிகாரத்தைக் கொட்டிக் கொடுக்கிறது. மற்றது நடுவரையும் விதிக்குள் கட்டுகிறது. இவர்கள் ஒருவரை ஒருவர் எள்ளி நகையாடாத நாள் இல்லை. ஆனால் கதையை முன்கூட்டி எழுதிவைக்காதே, என்ன நடக்கும் என்று ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒரே குரல். தண்டவாள வண்டிமேல் இருந்த கோபம்தான் இருவரையும் பெற்றெடுத்தது.

சண்டை பக்க வடிவமைப்பிலும் உண்டு. கைகாக்ஸின் 1979 நூல் அடர்ந்த உரைநடை. தேடியது கிடைப்பதற்குள் தேடாதது பத்து கிடைக்கும். அந்தத் தற்செயலே இன்பம் என்பார்கள் சிலர். கேவின் நார்மனின் 2019 'ஓல்டு-ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' பழைய விதிகளையே எடுத்து, விரித்த இரு பக்கங்களுக்குள் ஒரு பொருளை முடிக்கிறது. ஆடும்போது கண் அலையக் கூடாது என்பது நோக்கம். சுவீடனின் 'மோர்க் போரி', கண்ணைக் குத்தும் மஞ்சளும் நிலைகொள்ளாத எழுத்துருக்களுமாகப் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. கையேடா, கலைப்பொருளா என்று கேட்கிறார்கள். புத்தகத்தை மேசையில் திறந்துவைத்து ஆடுகிறவருக்கு நார்மன். இரவில் படுத்துக்கொண்டு கனவு காண்கிறவருக்கு மற்ற இரண்டு நூல்களும். நான் நார்மன் பக்கம்.

எல்லா வேறுபாட்டையும் ரசனைக் கணக்கில் எழுதக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் டி அண்ட் டி நிறுவனம் திறந்த உரிமத்தைத் திருத்தப் போகிறது என்ற செய்தி கசிந்தது. எதிர்ப்பு வெடித்தது. அந்த மாத இறுதிக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைப் பொது உரிமத்தில் விட்டது. அது அந்த விதிகளை வைத்துப் புத்தகம் வெளியிடுகிறவர்களின் பிழைப்பைப் பற்றிய சண்டை. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இன்னோர் எடுத்துக்காட்டு. மேசை நடுவே ஒரு சீட்டு. ஆட்டத்தில் வரும் ஏதேனும் ஒன்று தாங்க முடியாமல் போனால் அதைத் தொடலாம், காரணம் சொல்ல வேண்டாம், அந்தக் காட்சி விலக்கப்படும். இது ஆட்டத்தின் காரத்தைக் குறைக்கிறது என்று ரசனை மொழியில் எதிர்க்கிறார்கள். ஒரு பெண் மேசையிலிருந்து அழுதுகொண்டு எழுந்து போவதைத் தடுப்பது ரசனைக்குள் அடங்குகிற விஷயம் இல்லை. அது விருந்தோம்பல்.

முடிவாக என் தீர்ப்பு. இந்த ஐம்பது ஆண்டுச் சண்டையில் வாதத்தால் யாரும் யாரையும் வென்றதில்லை. பகடைக்காரர் பகடையை விடவில்லை, கதைக்காரர் கதையை விடவில்லை. வென்றவை புத்தகங்கள். குழப்பமாக இருக்கிறது என்று சலித்துக்கொண்ட செயின்ட் ஆண்ட்ரே ஒரு புத்தகம் எழுதினார். வெட்டு எங்கே விழுந்தது என்று கேட்ட பெரின் ஒரு புத்தகம் எழுதினார். பேக்கர் எழுதினார், நார்மன் எழுதினார். தன் ரசனையை ஆடக்கூடிய விதியாக மாற்றிக் காட்டியவருக்கு மட்டுமே இந்தத் துறை நன்றி சொல்கிறது.

ஆகவே இளைஞர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, ஆடத் தொடங்கும் முன் அந்த மூன்று கேள்விகளுக்கும் உங்கள் மேசையின் விடையை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். தீர்ப்பு யாருடையது, எதை வைத்து, தோற்றால் இழப்பு என்ன? பத்து நிமிடம் போதும். மேசையில் மூளும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்கப் பார்த்ததால் வந்தவை. இரண்டாவது, அடுத்தவர் ஆட்டத்தை இகழ நாக்கு துடித்தால், இகழ்வதற்கு முன் அவர் மேசையில் ஒரு முறை உட்கார்ந்து அவர் விதிப்படி ஆடிப் பாருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லையா? நல்லது. தாளை எடுத்து உங்கள் விதியை எழுதுங்கள்.